பசை விடாத பெயர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் செட்டின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அதுதான் மயிலாளுக்கு முதலில் உறுத்தியது. ஊட்டோடு ஒட்டிய தகரக் கூரை செட் அது. ஐந்து பவர் டேபிள் தையல் மெஷின், ஒரு அயர்ன் மேசை. வாரம் பூராவும் பனியன் தைத்துத் தைத்து மூச்சடைத்துப் போகிற இடம், லீவு நாளிலாவது காத்தாடட்டும் என்று திறந்துதான் போடுவார்கள். இன்றைக்கு அவள் புருஷன் திருமூர்த்தி பைக்கையே உள்ளே ஏற்றி, ஷட்டரை இறக்கிவிட்டு, ட்யூப் லைட் வெளிச்சத்தில் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"மயிலா, அயர்ன் பாக்ஸைச் சூடு பண்ணு."

"எதுக்குங்க?"

"சொன்னதைச் செய் புள்ள."

கறுப்பு டேங்கில் மஞ்சள் ரேடியம் ஸ்டிக்கர் எழுத்தில் மகள் பெயர். தார்ணிகா. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு அப்பனும் மகளும் கடையிலேயே நின்று ஒட்டி வந்தது.

"பாப்பா பேரையா உரிக்கறீங்க? பார்த்தா ஊரைக் கூட்டிருவா."

"வேற டிசைன் போடலாம்னு."

சூட்டைக் காட்டக் காட்ட எழுத்தின் ஓரம் சுருண்டு எழும்பியது. தீக்காயத்தில் தோல் உரிவதுபோல ஒவ்வொன்றாய் உரிந்து வந்தது. உரித்ததைத் தரையில் வீசினான். ஸ்டிக்கர் போயிற்று, பசை போகவில்லை. பனியன் வேஸ்ட்டை எடுத்து அழுத்தித் துடைத்தான். செட்டில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமா? துணியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்து பசை மேல் அப்பிக்கொண்டது. முன்னே மஞ்சளாய் இருந்த பெயர் இப்போது வெள்ளை வெளேரென்று, பூனை மயிர் முளைத்தமாதிரி நின்றது.

பெயருக்குப் பக்கத்தில், ஸ்டிக்கரே இல்லாத இடத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஐந்து விரல். ஓர் உள்ளங்கை. சின்னதாய், பொம்பளைக் கை.

"இங்க கை வெச்சது ஆருங்க?"

அவன் வேஸ்ட்டால் அந்த இடத்தைத் துடைத்தான். கை மறைந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே பஞ்சு இறங்கி, விரல் விரலாய் மறுபடி எழும்பியது.

காலையில் பால் வாங்கப் போன இடத்தில் எதிர் ஊட்டு ரங்காத்தாள் சொன்னது அப்போதுதான் மயிலாளுக்கு உறைத்தது.

"கேட்டியா மயிலா, நேத்து பொழுது சாயற நேரம், பூண்டி ரோட்டுல ஒரு பைக்குக்காரன் பனியன் கம்பெனிப் புள்ளையை அடிச்சுப் போட்டுட்டான். தேனிப் பக்கத்துப் புள்ளையாமா. டேங்கைப் பிடிச்சுத் தொங்கிட்டே வந்துச்சாம், எட்டி உதைச்சுத் தள்ளிட்டுப் போயிட்டான் பாவி. உசுரு போற மட்டும் ஏதோ ஒரு பேரையே கூப்பிட்டுட்டுக் கெடந்துச்சாம்."

"ஆரு பேருங்கக்கா?"

"அதுதான் தெரியல. போலீசு சொல்ல மாட்டேங்குது."

மயிலாள் டேங்கைப் பார்த்தாள். கை இருந்த இடத்திலிருந்து ஆறு விரற்கடை தள்ளித்தான் பெயர். தொங்குகிறவள் கண்ணுக்கு நேராக.

"நேத்து பூண்டி வழியாத்தான வந்தீங்க?"

"நாய் குறுக்க வந்துச்சு."

"நாய்க்கு ஏதுங்க அஞ்சு விரலு?"

அவன் திரும்பிய வேகத்தில் அவள் பின்னால் போய் மேசையில் முட்டிக்கொண்டாள். அடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "என்னைப் புடிச்சு உள்ள போட்டா உனக்கும் புள்ளைக்கும் ஆரு சோறு போடுவா? வாயை மூடிட்டு அந்த ஸ்ப்ரே கன்னை எடு."

தைத்த பனியனைச் செக்கிங் பண்ணும்போது எண்ணெய்க் கறை எடுக்கிற கன். எந்தக் கறையும் நிற்காது அதற்கு. அவன் அழுத்த, விர்ரென்ற இரைச்சலோடு மருந்து பீய்ச்சியது. மூக்கைச் சுடுகிற வாடை செட்டை நிறைத்தது. 'தா' குழைந்து, கறுப்புச் சளியாய் வழிந்தது. பழைய ஏடிஎம் கார்டால் வழித்தெடுத்தான். அந்த இடம் கண்ணாடியாய் மின்னியது.

"அம்மா!"

ஊட்டுக்குள்ளிருந்து தார்ணிகா ஓடி வந்தாள். மஞ்சள் பூப் போட்ட கவுன், கையில் கலர் பென்சில். "பென்சில் நிக்க மாட்டேங்குதும்மா. வழுக்குது."

மயிலாள் அந்தக் கையை விரித்துப் பார்த்தாள். ரேகை இல்லை. ஒரு கோடுகூட இல்லை. துடைத்து வைத்த தட்டுமாதிரி உள்ளங்கை.

"ஏனுங்க. இதைப் பாருங்க."

எட்டிப் பார்த்தான். கையிலிருந்த கன்னை இறக்கவில்லை. "மருந்து பட்டிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவு."

மயிலாள் அவளை ஊட்டுக்குள் கூட்டிப் போய்க் கழுவினாள். தேய்த்தாள். கழுவின தண்ணீரில் கறுப்பாய் ஏதோ இழை இழையாய்ப் போயிற்று. செட்டில் கன் மறுபடி இரைந்தது. குழந்தை "ஆ" என்று கையை இழுத்துக்கொண்டது. மயிலாள் பிடித்திருந்த விரல்களில் நகம் இல்லை. ரத்தமும் இல்லை. நகம் முளைத்த தடமே இல்லை.

அவள் செட்டுக்கு ஓடினாள். 'ர்' இருந்த இடம் மின்னிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! அந்தப் புள்ள நம்ம புள்ள பேரைத்தானுங்க கூப்பிட்டுச்சு! எழுத்துக்கு எழுத்து இவ அழியறாளுங்க!"

"பைத்தியமா புள்ள உனக்கு?"

அவன் போன் அடித்தது. கூடத் தைக்கிற காசிமாயன். ஸ்பீக்கரில் குரல் பதறியது. "மாப்ள, போலீஸ்காரங்கெ டேங்க்ல பேர் எழுதின வண்டியெல்லாம் பார்த்துட்டு வர்றாங்கெடா. உங்க வீதி முக்குல நிக்கிறாங்கெ. உன் வண்டிய எங்கடா விட்டிருக்க?"

திருமூர்த்தி போனை அணைத்தான். கார்டை எறிந்தான். பேட்டர்ன் வெட்டுகிற பிளேடை எடுத்தான்.

மயிலாள் தரையில் விழுந்து சுருண்ட மஞ்சள் எழுத்துகளைப் பொறுக்கினாள். டேங்கில் வைத்து அழுத்தினாள். ஒட்டவில்லை. எச்சில் தொட்டு அழுத்தினாள். வழுக்கி விழுந்தது. அவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். பவர் டேபிளின் இரும்பு முனையில் நெற்றி மோதியது. சூடாய்க் கண்ணுக்குள் இறங்கியது ரத்தம்.

"தின்ன சோத்துக்காச்சும் சும்மா கெட!"

பிளேடு பசையில் இறங்கியது. கிறீச். கிறீச். 'ணி' சுருள் சுருளாய் வந்தது.

"பாப்பா! கண்ணு! அம்மாகிட்ட வராத, வெளிய ஓடு! ரங்காத்தா ஊட்டுக்கு ஓடு!"

ஊட்டுப் பக்க வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள் தார்ணிகா. அம்மாவின் வாய் அசைவதையே பார்த்தாள். "என்னம்மா சொல்ற? கேக்கலம்மா." தலையைத் தடவினாள். இரண்டு பக்கமும் வழவழவென்று. காது இல்லை. கம்மல் மட்டும் தரையில் உருண்டது.

அப்பனும் பார்த்தான். பார்த்தானே! பிளேடு ஒரு கணம் நின்றது. வெளியே, பக்கத்து ஊட்டு வாசலில், பூட்ஸ் சத்தம். "வண்டி இருக்குதுங்களா? கொஞ்சம் காட்டுங்க."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிளேடைக் 'கா'வின் மேல் வைத்தான்.

இன்னும் ஒரே எழுத்து.

மயிலாளின் கைக்கு அயர்ன் பாக்ஸ் அகப்பட்டது. சூடு தணியவே இல்லை.

தூக்கினாள்.

இறக்கினாள். மயிர் பொசுங்கும் வாடை. மறுபடி இறக்கினாள். மண்டைக்குள் ஏதோ நொறுங்கியது. அவன் சத்தம் போடவில்லை. அப்படியே முன்னால் சரிந்தான். டேங்கின் மேல். கையில் பிளேடு. உடம்பின் கனம் முழுக்கப் பிளேடின் மேல்.

சர்ர்ர்.

'கா' ஒரே வழிப்பில் வந்துவிட்டது.

அவன் தரைக்கு நழுவினான். காலிரண்டும் உதறி நின்றன. டேங்க் பளபளத்தது. பெயர் இல்லை. பசை இல்லை. அந்தக் கையும் இல்லை. தெறித்த ரத்தம்கூட நிற்காமல் முத்து முத்தாய் உருண்டு விழுந்தது.

டேங்கின் கறுப்புக் கண்ணாடியில் மயிலாள் தன் முகத்தைப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் மஞ்சள் பூப் போட்ட கவுன். கவுனுக்கு மேலே கழுத்து. கழுத்துக்கு மேலே...

டேங்கின் வளைவு. வளைவில் அப்படித்தான் தெரியும்.

"கண்ணு?"

திரும்பினாள்.

நெற்றி முதல் தாடை வரை ஒரே வழவழப்பு. துடைத்தாயிற்று. மூச்சு இழுக்க இடமில்லாமல் சின்ன நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. ரேகை இல்லாத கைகள் அம்மாவைத் தேடிக் காற்றைத் துழாவின.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். "ஆருங்க உள்ள? ஷட்டரைத் தூக்குங்க."

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பஞ்சு மெல்ல மெல்ல இறங்கியது. குழந்தையின் வழவழப்பின் மேல் வந்து ஒட்டியது. முதலில் ஒரு விரல். அப்புறம் நாலு. அப்புறம் உள்ளங்கை.

வெள்ளை வெளேரென்று ஒரு கை முகம் நிறைய விரிந்து நின்றது. பிறகு, பிடி தேடுவதுபோல, விரல்களை மடக்கியது.