தேவாங்குக்கு இரண்டு நிமிடம்

திண்டுக்கல் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமைக்கான கண்ணீர் அஞ்சலிப் பேனர்கள் வெள்ளியன்றே காற்றில் மிதக்கத் தொடங்கிவிட்டன. யாரும் நின்று பார்க்கவில்லை. அந்த மாதத்தில் இது மூன்றாவது. முதல் வாரம் ஒரு தவளை, அடுத்த வாரம் ஒரு காட்டுக்கோழி, இந்த வாரம் தேவாங்கு. ஒவ்வொரு பேனரிலும் அற்றுப்போன உயிரினத்தின் ஒளிப்படம் பெரிதாக இருந்தது. 'ஆறாத் துயரில்' என்ற வரிக்குக் கீழே கழகப் பொறுப்பாளர்களின் படங்கள் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தன.

வனவுயிர்க் காப்புக் கழகம் ஒரு காலத்தில் பெயருக்கேற்ற வேலையைத்தான் செய்துவந்தது. மரம் நட்டது, வேட்டையைத் தடுத்தது, வழக்குப் போட்டது. கூட்டம் கூட்டினால் பதினோரு பேர் வருவார்கள். அதில் நாலு பேர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிறகு ஒரு கழுகினம் அற்றுப்போயிற்று. மனசு கேட்காமல் அதற்கு ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மண்டபம் கொள்ளவில்லை! வாசலில் நின்றவர்கள்கூட விம்மினார்கள். கழகத்துக்கு வழி தெரிந்துவிட்டது. அதன்பின் படத்திறப்பு, புகழுரை, மௌன அஞ்சலி, மதியச் சாப்பாடு என்று வேலை பெருக, காட்டுக்குப் போகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் மிஞ்சியவள் தவச்செல்வி ஒருத்திதான்.

கருமலைக் காட்டில் இருநூறு கேள்கம்பங்கள் உண்டு. ஒவ்வொரு விலங்கின் குரலையும் பிரித்தறிந்து பதிவு செய்யும் கம்பங்கள் அவை. பத்து ஆண்டுகள் ஓர் இனத்தின் குரல் எந்தக் கம்பத்திலும் கேட்காவிட்டால் அது அற்றுப்போனது என்று இன்மைச் சான்று தயாராகிவிடும். சான்றளிப்பு அதிகாரி விழா மேடையிலேயே அதில் விரல் வைப்பார். விரல் வைத்த நொடியில் காடு கட்டுமானத்துக்குத் திறந்துவிடப்படும். கருமலையில் மிச்சமிருந்த கடைசித் தடை தேவாங்குதான். மலையடிவாரத்தில் தரைசமனிகள் மூன்று நாளாக வரிசை கட்டி நின்றன. ஓட்டுநர் இல்லாத, வீடளவு உயர இயந்திரங்கள். ஞாயிறு காலை தவச்செல்வி கையில் கூடையோடு அவற்றைக் கடந்து வந்தபோது, ஒவ்வொன்றும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு மறுபடியும் காட்டைப் பார்த்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

மேடைக்குப் பின்னால் கழகச் செயலாளர் சௌந்தரபாண்டியன் சட்டையில் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டிருந்தார்.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க சார்," என்று கூடையின் துணியை விலக்கினாள் தவச்செல்வி.

உள்ளே ஒரு கைப்பிடி அளவு உடம்பு. அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பெரிய கண்கள் வெளிச்சத்துக்குக் கூசின. சௌந்தரபாண்டியன் அப்படியே நின்றுவிட்டார். வாலிபத்தில் அவரும் அந்தக் காட்டில் முள் குத்தக் குத்த நடந்தவர்தான்.

"அடடா... முப்பது வருசமாச்சும்மா இதப் பாத்து," என்றார். கூடைக்குமேல் குனிந்தார். "எங்க இருந்துச்சு?"

"நாப்பத்திமூணாம் கம்பத்துக்குள்ள குடியிருக்கு சார். அந்தக் கம்பம் பழுதாகிப் பன்னெண்டு வருசமாச்சு. பாதிக் கம்பம் அந்த லட்சணந்தான். எத்தன தடவ எழுதிக் குடுத்தேன்! கம்பத்துக்குக் காது கேக்கலன்னா தேவாங்கு இல்லன்னு ஆயிருமா? இது போக இன்னும் ரெண்டு குரல் கேட்டுச்சு சார் அங்க. விழாவ நிறுத்துங்க."

"நிறுத்தறதா?" சௌந்தரபாண்டியன் திரையை விலக்கிக் காட்டினார். "ரெண்டாயிரம் பேரும்மா. அதிகாரி வந்து உக்காந்துட்டாரு. கீழ இலை போட்டுக்கிட்டிருக்காங்க. இப்பப் போய் உசுரோட இருக்குன்னு சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாங்க. உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அந்தப் பதினோரு பேர் கூட்டங்களில் நாற்காலி எடுத்துப் போட்டவளே அவள்தான்.

"நன்றியுரைக்கு அப்புறம் நானே உன்ன மேடையேத்துறேன். பொன்னாடை போடச் சொல்றேன்."

"அதுக்குள்ள காடு இருக்காது சார்!"

 அவர் கூடையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியேறிப் போனார். பின்னாலேயே ஏற முயன்றவளைத் தொண்டர்கள் பணிவாக அழைத்துவந்து நான்காம் வரிசையில் உட்காரவைத்து, எல்லாருக்கும் தந்ததுபோல் ஒரு பையையும் மடியில் வைத்தார்கள். அதில் ஒரு சாத்துக்குடியும், வயிற்றை அமுக்கினால் விசிலடிக்கும் பேட்டரித் தேவாங்குப் பொம்மையும் இருந்தன.

மேடையில் ஒளியுருவாக ஒரு தேவாங்கு எழுந்தது, யானை உயரத்துக்கு. கூட்டம் பெருமூச்சு விட்டது. அதிகாரிக்கு முன்னால் சான்றுப் பலகையை வைத்தார்கள்.

"இப்போது மறைந்த தேவாங்கினத்துக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. பொம்மைகளை அணைத்து வைக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்," என்றார் அறிவிப்பாளர்.

இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று கண்ணை மூடினார்கள். மின்விசிறிகளும் நின்றன. இப்போதே கத்திவிடுவது என்று தவச்செல்வி மூச்சை இழுத்தாள். அதற்குள் கூடை முந்திக்கொண்டது. மெல்லியதாகத் தொடங்கி, நீண்டு, மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது அந்த விசில். உயிருள்ள தேவாங்கு தன் கூட்டத்தைக் கூப்பிடும் குரல். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இனி யார் மறுக்க முடியும்? அதைத் தூக்கி எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

முன்வரிசை அம்மாள் ஒருவர் திரும்பினார். கன்னம் நனைந்திருந்தது, உண்மையான கண்ணீர்தான்.

"ஆஃப் பண்ணச் சொன்னாங்கல்ல?" என்றார் அடிக்குரலில்.

"பொம்ம இல்லக்கா, உசுரு. தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்கக்கா!"

அந்த அம்மாள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சுடுது பாரு. பேட்டரி கோளாறு. செத்ததுக்கு ரெண்டு நிமிசம் மரியாதை குடுக்கத் தெரியல, வந்துட்டாங்க."

தேவாங்கு மறுபடியும் கூப்பிட்டது. "உஷ்" என்று யாரோ அதட்டினார்கள். அது வரிசை வரிசையாகப் பரவி, இரண்டாயிரம் வாய்களிலிருந்து ஒரே "உஷ்"ஷாக அவள்மேல் வந்து விழுந்தது. மேடையில் சௌந்தரபாண்டியன் மட்டும் நிமிரவில்லை. கண்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். பயந்துபோன தேவாங்கு அவள் கட்டைவிரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டது.

மௌனம் காத்த நல்லுள்ளங்களுக்கு அறிவிப்பாளர் நன்றி சொன்னார். அதிகாரி பலகையில் விரலை வைத்தார்.