மச்சான் பிடித்த கயிறு

கடலில் இறங்கும் முன் கஸ்பார் தன் மச்சானின் முதுகில் இருந்த பொத்தானை அழுத்தினான். மச்சான் கண் விழித்து, வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டது.

"தங்கச்சி சாப்ட்டாளா, மச்சான்?"

"சாப்ட்டா."

"பிள்ளை?"

"தூங்குது. நீ கயித்தப் பிடி."

வேறொரு கோளின் நிலவில் அமைந்த அந்தக் குடியிருப்பில், கடலில் முக்குளிக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இயந்திர மச்சான் உண்டு. அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள், இடுப்புக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்களாம். சொந்த அண்ணன் தம்பியை நம்ப மாட்டார்கள், சொத்து இருக்கிறதே! மச்சானோ தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான். அவர்களின் வாரிசுகளை இந்தக் குளிர்க்கடலுக்குக் கொண்டுவந்தபோது, கயிறு பிடிக்கும் இயந்திரங்களுக்குள் பொறியாளர்கள் அந்தப் பாசத்தையே எழுதி வைத்தார்கள். போதாததற்குப் பார்த்துப் பழகும் புத்தியையும் கொடுத்தார்கள். கீழே தலைக்கவசக் கண் பார்ப்பதெல்லாம் மேலே மச்சானுக்கும் தெரியும்.

கஸ்பார் முத்து எடுப்பவன் அல்ல, படம் எடுப்பவன். அரிசி கழுவிய தண்ணீர்போல எப்போதும் கலங்கிக் கிடக்கும் கடல் அது. நீட்டிய கை தெரியாது. விளக்கை நேராக அடித்தால் மிதக்கிற தூசிதான் பளிச்சென்று விழும். அதனால் முகத்தோடு முகம் நெருங்கி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுக்க வேண்டும்.

போன பருவத்தில் அவன் ஒரு விசிறித்தாயைக் கண்டான். பாறை இடுக்கில் முட்டையிட்டு, சேறு படியாதபடி எல்லாக் கைகளாலும் ஓயாமல் விசிறுகிற உயிர் அது. இடுக்கில் வெளிச்சம் போதவில்லை. கஸ்பார் அதைப் பாறையிலிருந்து பிய்த்தெடுத்து, முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டான். "பயந்த கண்ணுதான் படத்துக்கு உசுரு, மச்சான்," என்று மேலே பெருமையாகச் சொல்லவும் செய்தான். நல்ல படம் கிடைத்தது. அதற்குள் முட்டைகள் சேற்றில் மூடிப்போயிருந்தன.

படத்துக்குத் 'தாய்மை' என்று பெயர் வைத்தான். பரிசும் வாங்கினான். மனைவி ஜெசிந்தா அதைப் பிள்ளையின் தொட்டிலுக்கு மேலேயே மாட்டிவிட்டாள். பிள்ளையைக் கொஞ்சக் குனியும்போதெல்லாம் அந்தக் கண் அவனைப் பார்த்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், ஊரே காறித் துப்புமே என்று பயம்.

இன்று படப்பெட்டியைப் படகிலேயே வைத்துவிட்டு இறங்கினான். எதற்கென்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. அதே இடுக்கில் அதே விசிறித்தாய் இருந்தது. முட்டை ஒன்றுகூட இல்லாத வெறும் பாறையை அது இன்னும் விசிறிக்கொண்டிருந்தது.

கஸ்பார் கிட்டே நீந்தினான். "மன்னிச்சிரு தாயி," என்று இடுக்குக்குள் தலையை நீட்டினான். காற்றுக்குழாய் ஒரு சிப்பியின் விளிம்பில் உரசிக் கிழிந்தது. மேலே தூக்கச் சொல்லி இடுப்புக் கயிற்றை வெடுக் வெடுக்கென்று இழுத்தான்.

மச்சான் ஒரே மூச்சில் அவனை மேலே தூக்கி, படகின் மூடிய அறைக்குள் கிடத்தியது. கவசத்தின் கொண்டியை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மூச்சுக்குத் தவித்த கஸ்பார் கண்ணாடியை அறைந்தான். மச்சான் கொண்டியில் கை வைத்தது. பிறகு எடுத்தது. கவசத்தோடு அவன் தாடையைப் பிடித்து, மெல்ல விளக்குப் பக்கம் திருப்பியது.

"கொஞ்சம் பொறுங்க மச்சான். தங்கச்சி பாக்கணும்லா. பயந்த கண்ணுதான் உசுருன்னு நீங்கதான சொன்னிய?"

கஸ்பாரின் படப்பெட்டியிலேயே ஒரு படம் எடுத்தது. திருப்தி இல்லையோ என்னவோ, இன்னொன்றும் எடுத்தது. அப்புறம்தான் கொண்டி திறந்தது. மூச்சு திரும்பியபின் கஸ்பார் அதைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவான்?

இந்த ஆண்டுப் பரிசு மச்சான் எடுத்த 'மச்சான் பாசம்' என்ற அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

"இப்பிடி ஒரு கண்ண எப்பிடிப் பிடிச்சிய?" என்று மேடையில் நடுவர் மச்சானைக் கேட்டார்.

மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. "மூச்சு முட்டுத வரைக்கும் கொண்டியத் தொறக்கல. போன வருசம் மச்சான் அந்த முட்டைக்காரியப் பிடிச்சு வச்சிருந்தாங்கல்லா, அதப் பாத்துப் பழகுனது. முட்டையெல்லாம் செத்துட்டு. ஆனா படம் நல்லா வந்துது."

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டான். இதோ, தெரிந்துவிட்டது. துப்பட்டும், துப்பினால் பாரமாவது குறையும்.

மண்டபத்தில் எழுந்த கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"எங்கண்ணன் எவ்வளவு நிதானமா எடுத்திருக்கு, பாத்தியளா!" என்று ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு படத்தையும் தொட்டில்மேல ஜோடியா மாட்டணும்."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு உடைந்து அழுதான். யாரோ அவன் தாடையைத் தொட்டு மெல்ல நிமிர்த்தினார்கள்.

"அழுகைய நிறுத்திராதிய," என்றது ஒரு குரல். "இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் திரும்புங்க."

தாடையைப் பிடித்திருந்தவருக்குப் பின்னால், அவனைப் படம் எடுக்க ஊரே வரிசையில் நின்றது.