துவர் ஏறிய கவுன்

சாம்ராஜ்யங்கள் பீரங்கியால் நிற்பதில்லை, கோட்டையால் நிற்பதில்லை. விசுவாசமுள்ள ஒரு மனிதனின் தலைப்பாகையால் நிற்கின்றன. பழவேற்காட்டில் ஒல்லாந்து தேசத்து உலாந்தா ராஜாவின் கொடி இன்னும் பறந்துகொண்டிருப்பது தன் தலைப்பாகையின் தயவால்தான் என்பதில் தெய்வசிகாமணிக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தத் தலைப்பாகை பழைய தோணிப் பாய்த்துணியைக் கிழித்துச் செய்தது. கிழித்தவள் அவர் மனைவி செல்வம்மாள். கஞ்சி போட்டு விறைப்பாக்குபவளும் அவள்தான்.

கோட்டையை இங்கிலீஷ்காரன் எப்போதோ வெடி வைத்துத் தகர்த்துவிட்டான். ஊரைத் திரும்பப் பெற்று வந்த உலாந்தா துரை ஏரிக்கரையில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு சாம்ராஜ்யத்தை நடத்தினார். சென்னப்பட்டணத்திலிருந்து தோணி வரும் நாளில், பிரம்பும் கையுமாகக் கரையில் நின்று கூட்டத்தை விலக்குவது தெய்வசிகாமணியின் உத்தியோகம். கூட்டம் வராததால் கோழிகளை விலக்கினார். இந்த உத்தியோகத்துக்கு மரியாதை இருந்தது, சம்பளம் இல்லை.

"சர்க்கார் மனுசன் வலைய தொடப்படாது" என்று அவர் குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனாலும் வீட்டில் நாள் தவறாமல் இறால் குழம்பு கொதித்தது. "துரை குடுத்தனுப்பினாரு" என்பார். மகன் மாசிலாமணியும் மருமகள் கோவிந்தம்மாவும் அதை நம்பினார்கள். செல்வம்மாள் மட்டும் நம்பவில்லை. ஊர் விழிப்பதற்கு முன்பே, தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இறால் தடவுகிற ஒரு மனிதரின் ஈரக் கோவணத்தை யார் கண்ணிலும் படாமல் உலர்த்துகிறவள் அவள். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை வாய் விட்டதில்லை.

அன்று விடியற்காலையில் செல்வம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பின்புறத்திலிருந்து கோவிந்தம்மாவின் அலறல் கேட்டது.

"அய்யோ... அத்தே! யாரோ என் குடியக் கெடுத்துட்டாங்களே!"

ஓடிப் போய்ப் பார்த்தாள். வலை காயப் போடும் மூங்கிலில், நேற்றுச் சாயங்காலம் அலசிப் போட்ட மேல்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கு மாதிரி வெள்ளையாக இருந்தது, இப்போது செங்கல் போலச் சிவந்த பழுப்பாக இருந்தது. அருகே, வலைகளுக்குப் பட்டைச் சாயம் ஏற்றச் செல்வம்மாள் வைத்திருக்கும் துவர்ப் பானையின் மூடி திறந்து கிடந்தது.

அது சாதாரணச் சட்டை அல்ல, துரைசாணி கேட்ட கவுனின் மேல்பாதி. தன் ஊரிலிருந்து கொண்டு வந்த கொக்கி ஊசி ஒன்றைத் துரைசாணி கோவிந்தம்மாவிடம் கொடுத்து, நூலை வளைத்து வளைத்துக் கண்ணிக்குள் கண்ணியாக இழுக்கும் அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். வலைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது பிடிபட எவ்வளவு நேரமாகும்? மாமியார் நூற்றுக் கொடுத்த மெல்லிய நூலில் மருமகள் பின்னினாள். கழுத்து, முதுகு, அப்புறம் அந்த ஊர் மோஸ்தர்படி பூசணிக்காய் போலப் புடைத்த இரண்டு கைகள். கீழ்ப்பாவாடைக்கு மல் துணி. அதன் விளிம்பை மடித்துத் தைத்து, விளிம்பு நெடுகக் கண்ணி கண்ணியாகத் தையல் போட்டு வைத்திருந்தாள் செல்வம்மாள். அந்தக் கண்ணிகளில் கொக்கி ஊசியை விட்டு இழுத்தால் பின்னலும் துணியும் ஒன்றாகிவிடும். அந்த ஒரு வேலைதான் பாக்கி. மறுநாள் உலாந்தா ராஜாவின் பிறந்தநாள் விருந்து.

"யாரு பண்ணது இத? சொல்லு அத்தே, யாரு பண்ணது?"

செல்வம்மாள் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். கைகளின் நுனியில் யாரோ முடிச்சுப் போட்டு அவிழ்த்த சுருக்கம். கழுத்திலும் அதே சுருக்கம். அவள் மெல்லத் திரும்பினாள். வாசல் பக்கம் தெய்வசிகாமணி தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலடியில் இறால் கூடை. துரை அன்றைக்குத் தாராளமாகக் கொடுத்திருந்தார்.

வெள்ளை வலையை ஏரியில் இறக்கக் கூடாது. பட்டைச் சாற்றில் முக்கித் துவர் ஏற்றாத வலை அழுகிவிடும், வீட்டுக்கும் ஆகாது. நடக்கத் தெரிந்த நாள் முதல் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்தது இது. பெண்பிள்ளைகளின் கைவேலையை ஒருநாளும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு சர்க்கார் மனுசர், இருட்டில், வலை மூங்கிலில், கண்ணி கண்ணியாக ஒன்று தொங்குவதைக் கண்டால் என்ன செய்வார்? செல்வம்மாளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

அவருக்கும் அந்தக் கணத்தில்தான் புரிந்தது. மூங்கிலையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் பிரம்பை ஊன்றிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "இது... இது சர்க்கார் சொத்துக்கு வந்த சேதாரம். விசாரண பண்ணணும்" என்றார்.

"பண்ணு மாமா! இப்பவே பண்ணு!" கோவிந்தம்மா மூக்கைச் சிந்தினாள். "துவர்ப்பானை யாரோடது? அதும் மூடிய யாரு தொறப்பா? அன்னிக்கு துரைசாணி என் கைய புடிச்சி மெச்சிக்கினப்போ யாரு மொகம் சுருங்கிச்சி? 'வலை பின்னுற கையிதானே, இதுல இன்னா அதிசயம்'னு யாரு சொன்னது?"

செல்வம்மாள்தான் சொன்னாள். கண்ணேறு பட்டுவிடுமே என்று சொன்னாள். அதை இப்போது விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

மாசிலாமணி உள்ளேயிருந்து வந்தான். "யம்மா... நீயா?"

செல்வம்மாள் கணவரைப் பார்த்தாள். தலைப்பாகை நடுங்கிக்கொண்டிருந்தது. மகன் முன்னால், மருமகள் முன்னால் அது அவிழ்ந்து விழுந்தால் அந்த மனிதரிடம் அப்புறம் என்ன மிச்சமிருக்கும்?

"ஆமாண்டா. நான்தான். வலைன்னு நெனச்சி முக்கிட்டேன்."

"வலைன்னு நெனச்சியா?" கோவிந்தம்மா சிரித்தாள். அழுகையை விட மோசமாக இருந்தது அந்தச் சிரிப்பு. "இதுக்கு நூல் நூத்ததே நீதானே அத்தே! ஒன் மடில வச்சித்தானே நான் கழுத்த பின்னினேன்! ஒனக்கா தெரியாது?"

"கண்ணு மங்கிப்போச்சி தாயி..."

"மனசு மங்கிப்போச்சின்னு சொல்லு! நான் ஒன்ன அம்மான்னு நெனச்சேன். எங்க அம்மாகிட்டகூட சொல்லாதத ஒன்கிட்ட சொன்னேன்... போறேன். எங்க அம்மா வூட்டுக்கே, பசியாவரத்துக்கே போறேன். இந்த மூஞ்சிய வச்சிக்கினு துரைசாணிகிட்ட நான் எப்பிடிப் போய் நிப்பேன்?"

பழுப்புச் சட்டையைச் சுருட்டி மூட்டைக்குள் திணித்துக்கொண்டு தோணித்துறைப் பக்கம் நடந்துவிட்டாள். மாசிலாமணி தாயைப் பார்த்து, "இது ஒனக்கே நல்லாருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு மனைவியின் பின்னால் ஓடினான்.

செல்வம்மாள் இறால் கூடையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு ஓடு உரிக்க உட்கார்ந்தாள். கண்ணீர் இறாலில் சொட்டியது. உப்புப் போட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தெய்வசிகாமணி பக்கத்தில் வந்து குந்தினார். பிரம்பைக் கீழே வைத்தார்.

"ஏமே..."

"பேசாத."

"அதுக்கு ரெண்டு கையி இருந்துச்சிமே. பெரிய பெரிய கையி. நான் இன்னான்னு நெனைக்கிறது? மாசிலாமணி புது தினுசா இறால் வலை போட்டுருக்கான், நம்ம புள்ளைக்கு இவ்ளோ மூளையான்னு..." அவர் பிரம்பைத் தரையில் உருட்டினார். "பெருமையா இருந்துச்சிமே."

செல்வம்மாளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. "என் மருமவ போறாய்யா. பெத்த பொண்ணு இல்லாத வீட்டுக்குப் பொண்ணா வந்தவ போறா. நீ பெருமைய பேசிக்கினு குந்தினு கீற."

"நான் போய் சொல்லிடவா?"

"சொல்லுவியா நீ?"

அவர் எழுந்தார். வாசல் வரை போனார். அங்கே நின்று தலைப்பாகையைச் சரிசெய்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். செல்வம்மாள் அடுத்த இறாலை எடுத்தாள். இருபத்தேழு வருடம் குடித்தனம் பண்ணியவளுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

வெயில் ஏறியது. வாசலில் நிழல் விழுந்தது. மூட்டையோடு கோவிந்தம்மா நின்றிருந்தாள், பின்னால் மூச்சிரைக்க மாசிலாமணி. அவள் கண்கள் வீங்கியிருந்தாலும் பார்வை வேறாக இருந்தது.

"அத்தே, ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. கோழி கூவுறதுக்கு முன்னாடிலேர்ந்து நீ எங்க இருந்தே?"

"இன்னாடி கேள்வி இது..."

"நானே சொல்றேன். என் எதிர்ல குந்தினு கேவுரு அரைச்சிக்கினு இருந்தே. ஒரே பிடிய ரெண்டு பேரும் புடிச்சிக்கினு சுத்துனோம். குந்தசொல்ல இந்தச் சட்டை வெள்ளையாத்தான் தொங்கிச்சி, நான் பாத்தேன். அரைச்சி முடிச்சி நீ அடுப்பாண்ட போனே, நான் இங்க வந்தா பழுப்பு. நடுவுல நீ எந்திரிக்கவே இல்ல. கோவத்துல எனக்கு அது தோணவே இல்ல அத்தே, தோணில ஏறி குந்தினப்புறந்தான்..."

அவள் மூட்டையைப் பிரித்துச் சட்டையை உதறினாள். புடைத்த கைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

ஓர் இறால். சின்னது. மீசை கண்ணியில் சிக்கிப் பிய்ந்திருந்தது.

"துவர்ப்பானைல இறால் ஏது அத்தே?"

மாசிலாமணி இறாலைப் பார்த்தான். அம்மாவின் முன்னாலிருந்த இறால் கூடையைப் பார்த்தான். கடைசியாக அப்பாவைப் பார்த்தான். தெய்வசிகாமணி, தோணி வரும் நாள் போல, எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா... துரை குடுத்தனுப்பினது இதானா?"

செல்வம்மாள் பதறி எழுந்தாள். "டேய், அவர ஒன்னியும் கேக்காத! வயித்துக்கு வேணாமா? ஒனக்கு, எனக்கு, இவளுக்கு... ஒத்தையா அந்தக் குளிர் தண்ணில எறங்கி எறங்கி அவரு காலு மரத்துப் போயி கெடக்கு. அதச் சொல்லிக்க வெக்கம். அவ்ளோதான். அதுக்கு நான் ரெண்டு ஏச்சு வாங்கினா கொறஞ்சா போயிடுவேன்?"

கோவிந்தம்மா மூட்டையைக் கீழே போட்டாள். இறால் வாடையடிக்கும் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள்.

"அடி அத்தே... அடி! நான் பேசுன பேச்சுக்கு வாயிலயே போடு! மனசு மங்கிப்போச்சின்னு சொன்னேனே... ஒன்னியப் போயி..."

"சீ, பைத்தியம்! விடு... மொகமெல்லாம் இறால் ஓடு ஆவுது பாரு." சொல்லிக்கொண்டே செல்வம்மாள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி அழுதார்கள்.

தெய்வசிகாமணி தலைப்பாகையை அவிழ்த்தார். அதாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஞ்சி போட்ட துணி, கண்ணைக் குத்தியது.

"கோயிந்தம்மா... நான் கண்டனா தாயி, அது துரைசாணி சட்டைன்னு."

"அத வுடு மாமா. கைய முடிஞ்சி, கழுத்த முடிஞ்சி, வலையாவே ஆக்கிட்டியே!" கண்ணீருக்கு நடுவே அவளுக்கு ஆவல் தாங்கவில்லை. "நல்லா விழுந்துச்சா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். உண்மையை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. "ரெண்டு கையும் ரொம்பிப் போச்சி."

சட்டையை என்ன செய்வது? துவர் ஏறினால் ஏறியதுதான், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. பிரித்து மறுபடி பின்ன நேரமும் இல்லை. செல்வம்மாள் அந்தப் பழுப்பை மல் துணியின் மேல் வைத்துப் பார்த்தாள். வெள்ளை வேட்டியில் வெற்றிலைச் சாறு துப்பினது போல இருந்தது. எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். மாசிலாமணி பிறந்தபோது அவள் தாய்வீட்டுச் சீராக வந்த சிவப்புக் கட்டம் போட்ட துணி, மடிப்புக் கலையாமல் இருந்தது. பழவேற்காட்டுத் தறியில் நெய்தது, அந்நாளில் கப்பலேறிப் போன சரக்கு.

"அத்தே, வேணாம்! அது நீ பேரப்புள்ளைக்கு தொட்டில் கட்ட வச்சிருக்கறது!"

"தொட்டிலுக்கு இன்னா அவசரம், மொதல்ல புள்ளைய பெத்துக் குடு. உக்காரு. நான் வெட்டுறேன்."

செங்கட்டத்தின் மேல் பழுப்புப் பின்னலை வைத்தபோது, இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை போலப் பொருந்தின. மாமியார் விளிம்பை மடித்துத் தைத்துக் கண்ணி போட்டுக்கொண்டே போனாள். அவள் ஊசிக்குப் பின்னாலேயே மருமகளின் கொக்கி ஊசி நுழைந்து நுழைந்து இழுத்தது. மாசிலாமணி இறால் குழம்பு வைத்தான். சர்க்கார் மனுசர் இரண்டு கைகளையும் நீட்டி நூல் சிட்டத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆடாத" என்று அவ்வப்போது அதட்டு விழுந்தது. ஆடவில்லை.

கவுனைத் தாம்பாளத்தில் வைத்து அவரேதான் கொண்டு போனார். பின்னால் மாமியாரும் மருமகளும் கைகோத்துக்கொண்டு போனார்கள். துரைசாணி விரித்துப் பார்த்தாள். வெள்ளை எங்கே என்று கேட்கப் போகிறாள் என்று செல்வம்மாள் மருமகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். துரைசாணி நிறத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள், கண்ணாடி முன்னால் வைத்துச் சுற்றினாள், பிறகு கோவிந்தம்மாவின் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

கோவிந்தம்மா அந்தக் கையை விடுவித்து, மாமியாரின் கையை எடுத்துத் துரைசாணியின் கையில் வைத்தாள். "பாதி இவங்க" என்றாள். துரைசாணிக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனாலும் அந்தக் கையையும் குலுக்கினாள். செல்வம்மாள் வீடு வரும்வரை அந்தக் கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

விருந்தில் எல்லோரும் கவுனைப் புகழ்ந்தார்கள். மறுநாளிலிருந்து தெய்வசிகாமணி பட்டப்பகலில், ஊரறிய, தலைப்பாகை இல்லாமல் ஏரியில் இறங்கினார். மகனும் கூட இறங்கினான். நல்ல வலைகளாக நாலைந்து வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த வருடம் துரைசாணியின் சட்டையில் அன்று விழுந்த அளவு இறால் வேறெந்த நாளிலும் விழவில்லை.