பதில் இல்லை

மாலை ஆறு மணிக்குத் திரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. இன்று எந்தக் கருவியையும் யாரும் புதிதாக மாட்டவில்லை.

மருத்துவமனையின் கணினி அறையில் அவளுக்கு வேலையே இந்த வரிகளைக் கவனிப்பதுதான். லிஃப்ட், கதவு, கட்டிலருகே இருக்கும் அழைப்பு மணி என்று ஒவ்வொரு கருவியும் தனக்கு நடப்பதை வரிவரியாக அனுப்பும். புதிதாக ஒன்று வந்தால், வரிகளின் சாயலைப் பார்த்து மென்பொருளே அது இன்னதென்று வகை பிரிக்கும். அவள் 'சரி' கொடுத்தால் போதும்.

எட்டு மாதத்துக்கு முன்னும் அப்படித்தான் கொடுத்தாள். குழந்தைகள் வார்டின் புது மணியைக் 'கதவு' என்றது மென்பொருள். அவள் வரிகளைத் திறந்து பார்க்காமலே 'சரி' கொடுத்தாள். கதவுக்கு எந்த நர்ஸும் ஓடிவருவதில்லை. மறுவாரம் அந்தக் கட்டிலில் படுத்திருந்தது அவளுடைய ஏழு வயது மகள். மூச்சு நிற்கும்வரை நாற்பத்தொரு முறை மணியை அழுத்தியிருந்தாள். அம்மா இரண்டு மாடி கீழே, இதே நாற்காலியில் இருந்தாள்.

இப்போது வந்திருப்பதும் அதே மணியின் எண். 'கதவு. சரியா?' என்றது திரை.

"அதத்தான் கழட்டி எறிஞ்சாச்சேக்கா," என்றான் பக்கத்து மேசைக்காரன், பையை மாட்டிக்கொண்டே. "ஏதோ பழைய குப்பை. ஓகே குடுத்துட்டுக் கெளம்புங்க. மூஞ்சியே சரியில்ல."

அவன் போனதும் ஏசியின் உறுமல் அடங்கி, வராந்தாவில் எங்கோ உருண்ட தள்ளுவண்டியின் கிறீச்சொலியும் தேய்ந்து மறைய, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தின் தித்திப்பு நெடி தரையிலிருந்து மெல்ல மேலேறி வந்தது.

வரிகளைத் திறந்தாள்.

அழுத்தப்பட்டது. பதில் இல்லை.

அழுத்தப்பட்டது. பதில் இல்லை.

'கதவு' என்பதை அழித்து 'அழைப்பு மணி' என்று திருத்தினாள். அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது.

திரை சிவந்தது. மணி இருக்கும் இடம் தானாகவே நிரம்பியது: கணினி அறை, மேசை மூன்று.

அவளுடைய மேசை.

குனியத் தைரியமில்லை. எழுந்து ஓடவும் மனமில்லை.

"சிட்டு?" குரல் உடைந்தது. "அம்மா வந்துட்டேன்டி தங்கம். இங்கதான் இருக்கேன்."

மேசைக்கடியிலிருந்து ஒரு சின்ன விரல் அவள் முழங்காலைத் தொட்டது. சில்லென்று. அழுத்தியது. எடுத்தது. மறுபடி அழுத்தியது.

"இருக்கேன்டி... அம்மா இருக்கேன்டி..."

விரலுக்குக் காது கேட்கவில்லை. அதே இடத்தில், கோபமில்லாமல், பொறுமையாக, அழுத்திக்கொண்டே இருந்தது.