சின்னையன் கட்டிவிட்ட கோழி

கோழி கத்தவே இல்லை. புதுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலையில் வண்டியைக் கிளப்பியபோது ஜேக்கப் அதைக் கவனிக்கத்தான் செய்தான். வேனின் பின்கோடித் தரையில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. அதில் முடிந்த சிவப்பு நூலின் மறுமுனை காலில் கட்டப்பட்டிருந்த அந்த நாட்டுக்கோழி, நூல் எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரம் முன்னால் வந்து, டிரைவர் சீட்டின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. தலையை மட்டும் திருப்பி, பக்கவாட்டில் நீளமாகக் கிடந்த பெஞ்சு சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஒன்றும் இல்லை.

கடலூர் செம்மண்டலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவன் ஜேக்கப். பழைய வேன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் கல்யாணமே செல்லாது என்று நினைக்கிற மாப்பிள்ளைகளின் காலம் இது. அவர்களுக்காகத்தான் இந்த எண்பத்தாறாம் வருஷத்து மெட்டடார் வேன். பால் வெள்ளை மேலே, நீலம் கீழே, உருண்டைக் கண் விளக்கு. விற்ற சின்னையன், "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கங்களேன் தம்பி" என்று போனில் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். ஜேக்கப் சனிக்கிழமைதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சாமியார் வண்டியை மந்திரிப்பதாக ஏற்பாடு, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதுங்கிறதெல்லாம் உங்களுக்குங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றான், வாசலில் நின்றபோதும்.

சின்னையன் கொல்லைக்குப் போய் இந்தக் கோழியோடு வந்தார். "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இது உள்ளயே கெடக்கட்டும். வாசல்ல எறக்கி விட்ருங்க" என்றார். நல்ல மனுஷன், குழம்புக்குக் கோழியும் கொடுத்து அனுப்புகிறார் என்று ஜேக்கப் நினைத்துக்கொண்டான்.

கூட வந்தவன் மரிய அருள், ஜேக்கப்பின் மனைவி அனிதாவுக்குத் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அனிதாதான் அவனைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, நாளைப் பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கிறார்கள். கும்பகோணம் வருவதற்குள் அனிதா நாலு தடவை போன் செய்துவிட்டாள்.

"அவன பத்திரமா கூட்டியாந்து சேருங்க. நாளைக்கு ஓலைங்க."

"ஏன், என்னை யாரும் பத்திரமா கூட்டியார வேணாமா?" என்றான் ஜேக்கப். அருள் சிரித்தான். போனை மகள் பெலிசியா பிடுங்கிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், தூக்கத்திலும் வாய் ஓயாத பிள்ளை. ஹாரன் அடி என்றாள், இன்னொரு தடவை அடி என்றாள், கோழிக்குப் பேர் என்ன என்றாள், கோழியிடம் போனைக் கொடு என்றாள். அருள் போனைக் கோழியின் முகத்துக்கு நேராகக் காட்டினான். அது அப்போதும் பெஞ்சைத்தான் பார்த்தது.

அணைக்கரையில் கொள்ளிடத்துப் பாலத்துக்கு முன்னால் மீன் வறுக்கிற கடையில் சாப்பிட்டார்கள். ஐப்பசி மாதத்து வானம் மத்தியானத்திலேயே மூடிக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், புதிதாக விரித்த தரை விரிப்பு முழுக்கக் கோழி எச்சம். ஜேக்கப்புக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"தரித்திரம். நாளைக்கு மந்திரிக்கிற வண்டிடா. அவுத்து அந்தக் கடைக்காரம்மாட்ட குடுத்துடு மச்சான்."

"பெரியவரு உள்ளயே இருக்கட்டும்னாரே மாமா."

"அவரு சொன்னா? வண்டி இப்ப யாருது?"

அருள் முடிச்சை அவிழ்த்துக் கோழியை வெளியே எடுத்தான். தரையில் கால் பட்டதுதான் தாமதம், காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து கத்தியது போல ஒரு கத்தல். கடைக்காரம்மாள் ராசம்மாளின் கையிலிருந்து திமிறி, திரும்பிப் பார்க்காமல் கரையோரக் கோரைக்குள் ஓடி மறைந்தது. மூவரும் சிரித்தார்கள். நூல் வளையத்திலேயே கிடந்தது. வயிறு நிறைந்த அருள், "கொஞ்சம் சாயறேன் மாமா" என்று பின்னால் போய்ப் பெஞ்சில் நீட்டிப் படுத்துக்கொண்டான்.

காட்டுமன்னார்கோயில் தாண்டி லால்பேட்டை வருகையில் மழை பிடித்தது. வீராணம் பக்கத்திலிருந்து வந்த ஈரக்காற்று, வைப்பரின் இழுவைச் சத்தம், கடைத்தெருவில் பிரியாணி அண்டா திறந்த வாசனை, மசூதியில் அஸர் தொழுகைக்குக் கூப்பிட்ட பாங்கு, எல்லாவற்றையும் கடந்து ஊர் முடிந்து வயல் தொடங்கிய இடத்தில்தான் அந்த வேறு வாசனை ஜேக்கப்பின் மூக்கில் ஏறியது. முதலில் பினாயில். அப்புறம் பன்னீர். அப்புறம் வாடிப்போன சாமந்தி, ஊதுபத்தி, அவற்றுக்கு அடியில் பெயர் சொல்லக் கூடாத ஏதோ ஒன்று. கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். மழை உள்ளே வந்தது, வாசனை வெளியே போகவில்லை.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. அருள் ஒல்லிப்பையன். ஒரு வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கியபோது அடியில் தட்டிய தட்டு, இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற வண்டியில்தான் அப்படித் தட்டும்.

அப்போது பின்னாலிருந்து மெதுவாக ஒரு சத்தம். க்கொ... க்கொ... கோழி தொண்டைக்குள்ளேயே பேசிக்கொள்கிற சத்தம்.

"கோழியக் குடுத்துட்டோம்ல மாமா?" என்றான் அருள், தூக்கக் குரலில்.

"குடுத்தாச்சுடா."

"பின்ன என்னா சத்தம்?"

"வண்டி பழசு. தூங்கு."

சொல்லிவிட்டு ஜேக்கப் முன்கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த ஜெபமாலையைப் பார்த்தான். ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தபோது அது முன்னால் ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்து, யாரோ நுனியைப் பிடித்திருப்பது போல அப்படியே நின்றது.

சிதம்பரத்தில் டீசல் போட நிறுத்தினான். பங்கில் இருந்த ஆள் குழாயைச் சொருகிவிட்டுப் பின்கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றினான். "எந்த ஊருக்குங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டான், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

ஜேக்கப் வண்டியை விட்டுத் தள்ளிப்போய், தகரக் கூரையின் கீழ் நின்று சின்னையனுக்குப் போன் போட்டான். மழை இரைச்சலில் அவர் குரல் பக்கத்தில் நிற்கிறவர் குரல் போலக் கேட்டது.

"கோழி இருக்கா தம்பி?"

"இல்லீங்க. அணைக்கரையில அவுத்து வுட்டுட்டோம்."

சின்னையன் அப்போதுதான் உண்மையைச் சொன்னார். கல்யாணத்துக்கு ஓடிய வண்டி என்று விற்கும்போது சொன்னது பொய். பெரியாஸ்பத்திரியிலிருந்து கிராமங்களுக்குப் பிரேதம் ஏற்றிய வண்டி. கடைசியாக ஏற்றியது ஒரு சனிக்கிழமை செத்தவரை. அந்த வீட்டுக்காரர்கள் கோழி கட்டவில்லை.

 எதிர்வீட்டுச் சுப்பராயலுவின் அம்மா ஒரு சனிக்கிழமை இறந்தபோது பாடையில் உயிரோடு ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி எடுத்துப் போனதை அவன் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். சனிக்கிழமை செத்தவர்கள் துணை தேடுவார்கள், அந்தத் துணை மனுஷராக இருந்துவிடக் கூடாது என்பதற்காகக் கோழி. அன்றைக்கு அவனும் அனிதாவும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"வேற கோழி வாங்கிக் கட்டிட்டா?"

"அவுத்து விட்டப்புறம் கோழிய ஏத்துக்காது."

"வண்டிய இங்கயே போட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் பஸ்சுல போயிடறோம்."

"அது வண்டியோட நிக்காது தம்பி. வண்டிய எடுத்தவரு கூடவே வரும். ஒங்க வீட்டு வரைக்கும் வரும். வீட்ல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி இருக்கா. புள்ள இருக்கு."

"இப்ப பெஞ்சுல படுத்திருக்கிறது யாரு?"

"மச்சான்."

"அப்ப வழியிலயே முடிஞ்சுட்டா ஒங்களுக்கு நல்லது" என்றார் சின்னையன், விலை பேசி முடித்த குரலில். "துணை கெடச்சுட்டா வீட்டுக்கு வராது. நிறுத்தாம போங்க. திரும்பிப் பாக்காதீங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. பத்தடி தூரத்தில் வேன். கண்ணாடிக்குள் அருளின் செருப்பில்லாத பாதங்கள் தெரிந்தன. போய்த் தட்டி எழுப்பலாம். அருளுக்கும் வண்டி ஓட்டத் தெரியும், அவனை முன்னால் உட்காரவைத்துவிட்டுத் தான் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. ஜேக்கப் பெலிசியாவை நினைத்தான். அவளை நினைத்தால் மற்ற எதையும் நினைக்காமல் இருக்க முடிந்தது. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

வெள்ளாற்றுப் பாலம் போனது. முட்லூர் போனது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. புதுச்சத்திரத்துக்கு முன்னால் அருள் விழித்தான்.

"மாமா. வண்டிய நிறுத்துங்க."

"ஏன்டா?"

"ஒரு மாதிரியா இருக்கு. எழுந்திரிக்க முடியல. மேல யாரோ..."

"மீனு ஒத்துக்கலடா. தோ வந்துட்டோம்."

"கால கட்டியிருக்கு மாமா."

ஜேக்கப் வேகத்தைக் கூட்டினான். எஞ்சின் கதறியது. வாசனை தொண்டையை அடைத்தது.

"மாமா, ஜில்லுனு இருக்கு. மாமா... பக்கத்துல படுத்திருக்காரு மாமா."

"ஆலப்பாக்கம் வந்துடுச்சு. அழாதடா. மாதாவ நெனச்சி... ஜெபம் சொல்லு."

"அக்காவுக்குப் போன் போட்டுக் குடுங்க. ஒரே ஒரு தடவ."

போன் டாஷ்போர்டில் இருந்தது. கைக்கெட்டும் தூரம். ஜேக்கப் ரேடியோவைத் திருகினான். பழைய பெட்டி, பாட்டு வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். அதையும் மீறி ஒரு குரல். மாமா. மாமா. அப்புறம் குரல் இல்லை. தொண்டைக்குள் மட்டும் ஏதோ.

க்கொ. க்கொ.

அதுவும் நின்றது.

கடலூர் பழைய டவுன் வரும்போது ஜெபமாலை நேராகத் தொங்கியது. வாசனை இல்லை. பின்பக்கம் எழும்பியிருந்தது. வண்டி பூ மாதிரி ஓடியது. முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக அவன் தன்னையே வெறுத்தான், ஆனாலும் அது போகவில்லை.

செம்மண்டலத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். ஹாரன் அடிக்காமலே வாசலுக்குப் பெலிசியா ஓடிவந்தாள். கொலுசுச் சத்தமும் வாயும் ஒன்றாக வந்தன. "அப்பா, வண்டி சூப்பரா இருக்கு, நான்தான் ஃபர்ஸ்ட், கோழி எங்க, மாமா எங்க." வண்டியின் பக்கவாட்டுக் கதவைச் சரக்கென்று தள்ளி உள்ளே ஏறிவிட்டாள். பின்னாலேயே அனிதா.

ஜேக்கப் இறங்கவில்லை. 

"இன்னும் தூங்குறானா? எழுந்திர்றா. அருள். டேய் அருள்."

பிறகு அந்த அலறல். தெருவே வந்துவிட்டது. அனிதா மண்ணில் விழுந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். சுப்பராயலு டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அருள் பெஞ்சில் நேராகப் படுத்திருந்தான். இரண்டு கைகளும் நெஞ்சின் மேல். இரண்டு கால்களின் கட்டைவிரல்களும் ஒன்றாகச் சேர்த்து, சிவப்பு நூலால் கட்டப்பட்டிருந்தன.

"யாருங்க அதுக்குள்ள கால் கட்டுனது?" என்று யாரோ கேட்டார்கள்.

சுப்பராயலு டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். அவன் தோளில் கை வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கள்ல இந்தப் பழக்கம் இல்லதான். இருந்தாலும் சொல்றேன் தம்பி. இன்னிக்குச் சனிக்கிழமை. சின்ன வயசு, கல்யாண ஆசையோட போன புள்ள. தனியா போவாது. ஒரு கோழிக்கு ஏற்பாடு பண்ணிடுங்க."

ஜேக்கப் அவர் வாயையே பார்த்தான். அவர் சொன்னது மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது. சனிக்கிழமை. அருள் செத்ததும் சனிக்கிழமை.

வெளியே அத்தனை அழுகை. அனிதாவின் குரல். அக்கம்பக்கத்துப் பெண்களின் குரல். அதில் ஒரு குரல் இல்லை. இன்னும் ஒரு சத்தம் இல்லை. கொலுசுச் சத்தம்.

அவன் சீட்டின் முதுகில் ஏதோ ஒட்டியது. சின்ன பாரம். இளஞ்சூடு.

திரும்பினான்.

பெலிசியா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் சீட்டோடு முதுகை ஒட்டிக்கொண்டு. ஒரு கால் பின்னால் நீண்டிருந்தது. கொலுசுக்கு மேலே சிவப்பு நூல். நூல் வளையம் வரைக்கும் விறைப்பாக நின்றது. வாய் ஓயாத பிள்ளை மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இருந்தாள். தலையை மட்டும் திருப்பி, பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.