மெலெசியோவின் குவளை

போர் முடிந்த மறுவருஷம், பட்டப்பகலில், பத்தான் தீபகற்பத்துச் சாலையோரக் கிணற்றடியில் நானும் என் தம்பி மெலெசியோவின் மனைவி பசிலிசாவும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். எங்கள் காலாட்படை டிவிஷன் சரணடைந்த பிறகு, ஜப்பானியர்கள் எங்களைச் சொட்டுத் தண்ணீர் தராமல் நடத்திக்கொண்டுபோன சாலை அது. தன் ஆட்களுக்காகத் தண்ணீர் மொள்ள ஓடிய மெலெசியோவை இந்தக் கிணற்றடியில்தான் சுட்டார்கள். நான் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இலோக்கோஸ் பக்கத்தில், ஒருவர் விழுந்த இடத்தைவிட்டுக் கிளம்பும்போது பேர்சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உயிர் அங்கேயே தங்கிவிடும். அன்று துப்பாக்கிமுனையில் என் வாய் திறக்கவில்லை. வெட்கங்கெட்ட வாய்.

உயிர் வந்து ஏறிக்கொள்ள, பசிலிசா அவன் சட்டையை விரித்துப் பிடித்தாள்.

"நீங்களே கூப்பிடுங்க மாமா. உங்க குரல்தான் அவருக்குப் பழக்கம்."

நான் டிவிஷனுக்கே கவாத்து நடத்திய சார்ஜென்ட். நாலு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது, பழக்கதோஷத்தில் அணிவகுப்புக் குரலாகவே வந்துவிட்டது.

"எல்லாரும் கிளம்புங்க. ஒருத்தரும் இங்க தங்கக் கூடாது."

காற்றே இல்லை. மூங்கில் சரசரத்தது.

புளித்த வியர்வை நாற்றம்.

பிறகு காலடிச் சத்தம். வெறுங்கால்கள். நிறைய.

"என்ன மாமா பண்ணிட்டீங்க," என்று அவள் கிசுகிசுத்தாள். "அவர ஒருத்தரத்தானே கூப்பிட வந்தோம்."

திரும்பும் பஸ் மேடேற முடியாமல் முக்கியது. "பாதி சீட்டு காலி. அப்படி என்னத்தய்யா ஏத்துனீங்க?" என்றார் டிரைவர்.

கால்நட்டு உயர்த்திய எங்கள் வீட்டின் ஏணியடியில் ஒரு பானைத் தண்ணீரும், பக்கத்தில் மெலெசியோவின் சிரட்டைக் குவளை நிறையத் தண்ணீரும் வைத்தாள். விடிந்து பார்த்தால் பானை வறண்டிருந்தது. குவளையில் சொட்டுக்கூடக் குறையவில்லை.

"அவர் மட்டும் வரலையா மாமா?" அவள் உடைந்து அழுதாள்.

"வந்திருக்காம்மா. ஆளுங்க குடிக்காம அவன் என்னைக்குக் குடிச்சான்?"

இப்போது ஆறு பானை வைக்கிறோம். ஆறும் காலியாகிவிடுகின்றன. அந்தச் சாலையில் விழுந்தது எங்கள் கம்பெனி மட்டுமா? டிவிஷன் முழுக்க என் குரலை அறியும். அவன் முறை எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலையும் குவளை ததும்பிக்கொண்டிருந்தது. அதன் அருகே மண்ணில், யாரோ வெகுநேரம் குத்துக்காலிட்டுக் காத்திருந்த இரண்டு பாதத் தடங்கள்.

அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போய், பசிலிசா ஏழாவது பானையை இறக்கி வைத்தாள்.