கடகடக்காத கார்

காலை எட்டே காலுக்கு மேம்பாலத்தின் மேல் கார் தீப்பிடித்தது. கணவன் கதவை உதைத்து வெளியே விழுந்ததால் உயிர் தப்பினான். இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மனைவிக்கு வீட்டுக்குள் கால் வைக்கவே பயமாக இருந்தது. கூடத்தில் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் காத்திருந்தார். எதிரே அவர்களோடு அதே வீட்டில் இருக்கும் கொழுந்தன், சுவரோரம் வேர்த்து வழிய மெக்கானிக்.

கணவனின் ஆசைக்காக அந்தக் காருக்குத் தடித்த புகைக்குழாய் மாட்டியவன் அவன்தான். மாட்டிய நாள் முதல், குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்கும் தகடு அதில் இடித்து, தெருவே எழுந்துகொள்ளும்படி கடகடத்தது. அதற்காக முந்தாநாள்தான் கணவனும் மெக்கானிக்கும் கைகலக்காத குறையாகச் சண்டை போட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கருகிய துணியொன்றைக் காட்டினார். "குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவுல எண்ணெய்த் துணியைத் திணிச்சிருக்காங்க. ராத்திரி கார் தெருவுல நின்னப்போதான் நடந்திருக்கணும்."

கொழுந்தன் மெக்கானிக்கை முறைத்தான். தான் அடித்துப் போட்டதுபோல் தூங்கியதாகவும், காலையில் கார் கடகடவென்று கிளம்பிய சத்தத்தில்தான் விழித்ததாகவும் சொன்னான். பிறகு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து, "பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேன்" என்றான்.

அடுத்து அவளைக் கேட்டார்கள். தனக்குக் காய்ச்சல் என்பதால் கணவன் காரை எடுத்துப் போனதைச் சொன்னாள். "ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். சத்தமே இல்லாம போச்சு. சரி பண்ணிட்டார் போலன்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கிடம் திரும்பினார். நடுவில் துணி இருந்தால் தகடு இடிக்க வழியில்லை, சத்தமும் வராது என்றான் அவன்.

"அப்போ உங்களை எழுப்பினது எந்தச் சத்தம், தம்பி?"

கொழுந்தன் வாசற்பக்கம் பார்த்தான்.

"துணியை வெச்சுட்டு ராத்திரியே எங்கேயோ போயிட்டீங்க. கார் கிளம்பினப்போ நீங்க வீட்டுல இல்லை. வழக்கம்போல கடகடத்திருக்கும்னு நினைச்சுச் சொல்லிட்டீங்க. மெக்கானிக் வெச்சிருந்தா, சத்தம் நின்னுடும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கூடப் பிறந்த அண்ணனையா?" என்றாள் அவள்.

"தினமும் அந்தக் காரை ஓட்டறது யாரு?"

"நான்தான்" என்றாள் அவள். போன வாரம் கொழுந்தன் அந்தக் காரில் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் வந்ததும், 'நீயே போலீசுக்குப் போ, இல்லேன்னா நான் போவேன்' என்று தான் சொன்னதும் ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து வந்தன. அவன் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தோமா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. அவனை அழைத்துப் போனபோது அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

சாயங்காலம் மருத்துவமனையில் கணவன் கண் விழித்தான்.

"தம்பி எங்கே?" என்றான். "பாவம், ரொம்பப் பயந்திருப்பான். நீதான் அவனைப் பார்த்துக்கணும்."

நாளைக்குச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிடிக்க முடியாதபடி அவன் கைகள் இரண்டிலும் கட்டு. அவன் காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.